கடைசி ரீல்

2024ஆம் ஆண்டு ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை மாலை, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயக்குநர் தமிழ்மாறன் பழைய மர்மப் படமொன்றைப் பற்றிப் பேசிவிட்டு, அதைத் திரையிட்டார். படத்தின் கடைசி ரீல் தொலைந்துவிட்டதாம். கொலைகாரன் யாரென்று சொல்ல இன்று எவருமில்லையாம்.

குஞ்சம்மாள் தனியாகப் படம் பார்க்க வந்திருந்தாள். சிமெண்ட் ஆலையில் வேலைபார்த்த அவள் கணவர் அரியமுத்து, மணமாகுமுன்பே அந்தப் படத்தைப் பார்த்தவர். எந்தப் படத்துக்குப் போனாலும் அதன் முடிவை அவள் காதில் ஓதவருவார். அவள் அவர் வாயைப் பொத்துவாள். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

விளக்கணைந்ததும், பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான அந்த நாற்காலியின் பக்கம் சாய்ந்து, "இப்பவாச்சும் சொல்லுங்களேன்" என்றாள்.

"கேட்டுக்க புள்ள, கொன்னது யாருன்னா..." என்றது காதருகே ஒரு குரல்.

சொல்லி முடித்துவிட்டால் பிறகு எதற்கு வருவார்? சட்டென்று கையை நீட்டிப் பொத்தினாள். உள்ளங்கையில் மீசை குத்தியது.

படம் பாதியில் நின்று விளக்கெரிந்தது. வாசலில் இயக்குநர், "ஏமாத்திட்டேன்னு திட்டாதீங்கம்மா, அடுத்த வாரம் வேற முழுப் படமா போடுறேன்" என்றார்.

"முழுப் படம் எதுக்கு தம்பி? இதையே போடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே படத்தைத் திரையிடுவதென முடிவாயிற்று.