ஆயில் கூலரில் ஓட்டை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதையில் ஒரு பழைய டீசல் வண்டி வருகிறது. தள்ளி உட்கார்ந்தால் அது போடும் இரைச்சலில் பாதிக் கதை காதில் விழாது.

"வித்துத் தொலைச்சாத்தான் என்னன்னா? எட்டு மாசமா அது சும்மா நிக்கறது. நீங்களும் அது பக்கத்துல போய் நிக்கறேள்!" என்றாள் கல்பகம்.

அவள் புருஷன் அனந்தராமன் வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வண்டிச் சாவி கல்பகத்தின் இடுப்பில். அவருக்கு மிஞ்சியது, ஏ.எஸ்.ராவ் நகர் அடுக்ககத்தின் அடியில் வண்டிகள் நிறுத்தும் செல்லாருக்குத் தினமும் காலையில் இறங்கிப் போய், வண்டியின் மேல் படிந்த தூசியைத் தட்டுவது ஒன்றுதான். பதினாலு வருஷத்து வண்டி. இன்றைக்கு அதுவும் போகப் போகிறது.

பிள்ளை பத்ரி பூனாவிலிருந்து வந்திருந்தான். விற்றுவிட்டுத்தான் சாயங்காலம் ரயில் ஏறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

பத்து மணிக்கு செகந்திராபாத்திலிருந்து பழைய கார் வியாபாரி ராகேஷ் வந்தான்.

"உட்காருங்கோ. டீ போடட்டுமா?" என்றாள் கல்பகம்.

"டீயா? காபி என்னாச்சு?" என்றார் அனந்தராமன்.

"டிகாக்‌ஷன் தீர்ந்துடுத்து."

நாற்பத்திரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் பத்து மணிக்கு டிகாக்‌ஷன் தீர்ந்ததே இல்லை. 'துக்க நாளில் காபி எதற்கு' என்று அவரும் விட்டுவிட்டார்.

எல்லோரும் செல்லாருக்கு இறங்கினார்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்க்கும் மெக்கானிக் கிரி அங்கே காத்திருந்தான். பத்ரிதான் வரச் சொல்லியிருந்தான்.

பத்ரி வண்டிக்குள் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. "சீட்டை யாரும்மா இவ்ளோ முன்னாடி இழுத்தது?"

"உள்ளே பெருக்கினேன். நகர்ந்திருக்கும்."

சாவியைத் திருப்பினான். ஒரே செல்ஃபில் வண்டி கிளம்பிவிட்டது.

"அரே வா! எட்டு மாசம் நின்ன வண்டியா இது?" ராகேஷ் வாயைப் பிளந்தான்.

"நான்தான் அப்பப்போ வந்து ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்," என்றான் கிரி.

'பாவி வண்டியே, இன்றைக்காவது ரெண்டு இருமல் இருமக் கூடாதா?' அனந்தராமன் வண்டியை முறைத்தார்.

ராகேஷ் இன்ஜினை அணைக்கச் சொன்னான். பானெட்டைத் தூக்கி, கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்தான். முகம் மாறியது.

"கிரி பாய், இது என்னா? பச்சைத் தண்ணி இருக்க வேண்டிய இடத்துல ஃபில்டர் காபி மாதிரி இருக்கு!"

கிரி குனிந்து பார்த்தான். மோந்தான். இன்னொரு தடவை மோந்தான். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினான்.

"போச்சு. ஆயில் கூலர்ல ஓட்டை. அதுக்குள்ள ஒரு பக்கம் இன்ஜின் ஆயில் ஓடும், ஒரு பக்கம் தண்ணி ஓடும். நடுவுல கசிஞ்சா ரெண்டும் கலந்து இப்படித்தான் காபி கலராயிடும்."

"நக்கோ பாய், எனக்கு இந்த வண்டி வேணாம்! இரும்புக் கடைக்குப் போடறதுன்னா கூப்பிடுங்க." ராகேஷ் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான்.

"சரி பண்ண எவ்ளோ நாள் ஆகும் கிரி?" பத்ரி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கூலரையே மாத்தணும். பழைய மாடல் பாருங்க, டெல்லியிலேருந்து வரணும். தசரா ஆயிடும்."

"தசரா வரைக்கும் இந்தத் தகர டப்பாவைக் கட்டிண்டு அழணுமா? எல்லாம் என் தலையெழுத்து!" கல்பகம் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அனந்தராமனுக்கு மட்டும் உள்ளுக்குள் தவில் வாசித்தது. சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார். தசராவுக்கு வந்து விற்பதாகச் சொல்லிவிட்டு பத்ரி ரயில் ஏறினான்.

மறுநாள் மூன்று மணி. வழக்கம்போல் கல்பகம் சைனிக்புரிக்கு சகஸ்ரநாம வகுப்புக்குக் கிளம்பிப் போனாள். வழக்கமாக அனந்தராமன் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கும் நேரம் அது. அன்று சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. உடம்புக்கு முடியாத வண்டிக்கு ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று கீழே இறங்கினார்.

தூக்கிய பானெட்டின் முன்னால் நின்று, கிரி குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். முன்சக்கரத்தில் ஏறி எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, கூலருக்கு ஆர்டர் கொடுத்துட்டியா?"

கிரி திடுக்கிட்டான். பிறகு சிரித்துவிட்டான். "கூலருக்கு என்ன மாமா, கல்லு மாதிரி இருக்கு. மூணு தடவை அலசிட்டேன். அடுத்த தடவை சர்க்கரை போடாத காபியா ஊத்தச் சொல்லுங்க மாமா. எறும்பு விட மாட்டேங்குது."

"யாரை?"

கிரி பானெட்டை இறக்கினான்.

முன்கண்ணாடியில் சாய்த்து வைத்த அட்டையில் சிவப்பாக ஒரு 'எல்'. அதன் பின்னால், ரெண்டு தலையணை மேல் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள் கல்பகம்.

"இதுதான் உன் சகஸ்ரநாமமாடி?"

"ஆமாம். சைனிக்புரி சந்துல ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கோ, ஆயிரம் நாமமும் தானா வரும்! வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட். லைசென்ஸ் கைக்கு வரட்டும், அப்புறம் பத்ரிகிட்ட சொல்லிக்கலாம். இனிமே ஸ்கந்தகிரி கோயிலுக்கு நமக்கு ஆட்டோ வேண்டாம்" என்றவள், முன்கதவில் கை வைத்த அனந்தராமனை அதட்டினாள்: "அங்கே இல்லை, பின்னாடி ஏறுங்கோ! முன் சீட்டு வாத்தியார் கிரிக்கு."

உங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்புகிற வண்டியெல்லாம் பத்திரமாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் காபி தம்ளரிலேயே இருக்கட்டும்.