பிடரியில் ஒரு பட்டன்

வழிகாட்டிப் பயிற்சிப் பள்ளியில் தணிகாசலத்திடம் கொடுத்த இயந்திரப் பொம்மைக் குழந்தை முதல் நாளே அவன் கையைக் கடித்துக் குதறியது. உதைத்தது, காறித் துப்பியது. பிள்ளைகளோடு சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிப்போகும் வேலை வேண்டுமென்றால் இதோடு மூன்று மாதம் மல்லுக்கட்டித் தேற வேண்டும். நிஜப் பிள்ளைகளை வைத்துப் பழகுவது பாவமாம்.

"கோவத்துல ரெண்டு சாத்திட்டீங்கன்னா பயப்படாதீங்க சார். பொடனியில பட்டன் இருக்கு, அமுக்குங்க. அதுக்கு எல்லாம் மறந்துடும். மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிங்க," என்றார் பயிற்சியாளர் சகாயமேரி.

தணிகாசலம் அறைந்தான், அமுக்கினான். அதன் தலையைப் பிடித்துச் சுவரில் இடித்தான், அமுக்கினான். ஒவ்வொரு முறையும் பொம்மை புதிதாகச் சிரித்து, "வணக்கம் மாமா!" என்றது. பரீட்சையன்று அது கடிக்கக் கடிக்கச் சிரித்தபடியே கதை சொன்னான். வகுப்பிலேயே அவனுக்குத்தான் அதிக மதிப்பெண்.

முதல் வேலை செஞ்சிக் கோட்டையில். பெற்றோர் மேலே ஏறிவிட, ஆறு வயது நிலவினி பாதிப் படியில் சண்டித்தனமாக உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி கண்ணு, மேல பீரங்கி இருக்கு," என்று குனிந்தவன் முகத்தில் வாயிலிருந்த தண்ணீரைக் கொப்பளித்தாள்.

ஓங்கி ஓர் அறை. கல்லில் மோதி அவள் உதடு கிழிந்தது. கவுனெல்லாம் ரத்தம்.

தணிகாசலம் பதறவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்து, பிடரியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான். வியர்த்த முடிதான் தட்டுப்பட்டது. இன்னும் பலமாக அமுக்கினான். பிறகு முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அவள் "வணக்கம் மாமா" சொல்வதற்காகக் காத்திருந்தான்.