பயோஸ் ஏறும்வரை

"சும்மா நிக்கிறதும் ஒரு வேலைதான். செய்வியோ?" என்று மெல்ரொன் காலையில் கேட்டபோது, அண்ணன் பகிடி விடுகிறான் என்றுதான் ஆன்சலா நினைத்தாள்.

இப்போது அவள் மெயின் சுவிச்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். ஒருவரையும் அதில் கைவைக்க விடக்கூடாது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு, அவளை நம்பி யாரும் கொடுத்த முதல் வேலை அது.

மேசையில் இருந்த பழைய கொம்பியூட்டரின் திரையில் ஒரு நீலக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் நகராது. கண்ணை எடுத்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மூலையில், அந்தோனியார் சுருவத்தின் முன்னால், அம்மா சுசிலா செபமாலையோடு முழந்தாளில் இருந்தாள். கடலுக்குப் போன வள்ளம் காற்றில் அகப்பட்டால்தான் அவள் அப்படி இருப்பாள். வள்ளம் கரை சேரும்வரை எழும்பமாட்டாள்.

வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா கிறகோரி எட்டிப் பார்த்தார். "உதென்னடா, கொம்பியூட்டருக்கு ஞானஸ்நானமோ? எல்லாரும் வாய மூடிக்கொண்டு நிக்கிறியள்."

"பயோஸ் மாத்திறன், அப்பா. பெட்டியைப் போட்டவுடன முதல்ல முழிக்கிறது அதுதான். பழைய பயோஸில நாளையச் சோதினை திறக்காதாம். புதுசு ஏறினால் திறக்கும். கள்ளர் உள்ளுக்கை பூருற ஓட்டையளும் அடைபடும்."

"நல்லதுதானே. பிறகேன் மூஞ்சை செத்துக் கிடக்குது?"

"ஏறிக்கொண்டிருக்கேக்கை கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பழசும் இல்லை, புதுசும் இல்லை. வெறும் தகரப்பெட்டிதான்."

அம்மா தலையைத் திருப்பினாள். "கடையில குடுத்தும் திருத்தேலாதோ, தம்பி?"

"திருத்தலாம் அம்மா. கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், தெரிஞ்ச ஆள் ஒண்டைப் பிடிச்சு... நாளைக்குள்ளை நடக்காது."

அம்மா சுருவத்தின் பக்கம் திரும்பி, முன்னையிலும் வேகமாகச் செபமாலையை உருட்டினாள்.

சோதினையைத் தனி அறையில், கமராவுக்கு முன்னால் இருந்து எழுத வேண்டும். போனில் எழுத முடியாது. தேறினால், தை பிறக்கமுன் மெல்ரொனுக்குக் கட்டார்த் துறைமுகத்தில் வேலை. இந்தக் கொம்பியூட்டரும் மூத்தவன் யூட்சன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனதுதான். போன புதிதில் அவன் கிழமைக்கு ஒருக்கால் கதைத்தான். பிறகு மாதத்துக்கு ஒருக்கால். இப்போது எந்த நாட்டில் நிற்கிறான் என்பதே வீட்டில் எவருக்கும் தெரியாது.

கடற்பக்கம் இடி உருண்டது. விளக்கு ஒருமுறை மங்கி எழும்பியது. மேசையைப் பிடித்தால் கரண்ட் நிற்கும் என்பதுபோல, மெல்ரொன் அதன் விளிம்பை இறுக்கிப் பிடித்தான்.

அப்பா வலையைப் போட்டுவிட்டு எழும்பினார். போன மாரியில் பக்கத்து வீட்டு ரிவி எரிந்ததிலிருந்து, இடி கேட்டால் மெயின் சுவிச்சை விழுத்திவிட்டுத்தான் அவர் மறுவேலை பார்ப்பார்.

"தள்ளு பிள்ளை."

"ஏலாது, அப்பா." அவளுடைய குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இடி விழுந்தால் பெட்டியும் இல்லை, வீடும் இல்லை. தள்ளு எண்டிறன்."

"தொடாதேங்கோ அப்பா," மெல்ரொன் இருந்த இடத்திலிருந்தே கெஞ்சினான். "பாதி தாண்டிட்டுது. இனி நிப்பாட்டவும் ஏலாது, கெதிப்படுத்தவும் ஏலாது. பாத்துக்கொண்டு இருக்கிறதைத் தவிர ஒண்டும் செய்யேலாது."

"அவரை விடு, பிள்ளை," என்றாள் அம்மா. "அப்பா நிப்பாட்டட்டும். இடியோட விளையாடக் கூடாது."

ஆன்சலா அம்மாவைப் பார்த்தாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் சுவரோடு விரித்தாள்.

"நான் விலகமாட்டன்."

அம்மாவின் சொல்லை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை. அப்பா ஓரடி பின்வாங்கினார். "வாய் திறவாதவளுக்கு இண்டைக்கு வந்த ரோசத்தைப் பார்," என்று முணுமுணுத்தபடி வலைக்குத் திரும்பினார்.

மழை தகரத்தில் இறங்கியது. விளக்கு இன்னும் இரண்டொரு தரம் துடித்தது. திடீரென்று திரை கறுத்தது.

அம்மாவின் விரல்கள் செபமாலையில் அப்படியே நின்றுவிட்டன. மெல்ரொன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பெட்டிக்குள் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

"ஏறிட்டுது," என்றான் மெல்ரொன். நம்பாதவன்போலத் திரும்பவும் சொன்னான், "ஏறிட்டுது." ஓடிப்போய் முழந்தாளில் இருந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினான். "உங்கட செபம்தான் அம்மா." சிநேகிதனுக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் இடம் தேடி முற்றத்துக்கு ஓடினான்.

ஆன்சலா சுவரை விட்டு விலகினாள். கைகள் விறைத்துப் போயிருந்தன. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எழும்புங்கோ அம்மா. நீங்கள் கேட்டதை அந்தோனியார் தந்திட்டார்தானே."

அம்மா எழும்பவில்லை.

"தரேல்லை, பிள்ளை. கரண்ட் போகவேணும் எண்டுதான் கேட்டனான்."

மழைக்கு ஒதுங்கத் திரும்பி ஓடிவந்த மெல்ரொன் வாசலில் நின்றிருந்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு திரும்பவும் மழைக்குள்ளேயே இறங்கிப் போனான்.