பளிச்சென்ற தொட்டி

விடுமுறையில் கை சும்மா இராத வங்கி மேலாளர், மீன்தொட்டியின் தண்ணீரை மொத்தமாக மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் கசக்கி வெளுத்துவிட்டார். எட்டிப் பார்த்த மனைவி, “இதோ வர்றேன்” என்று பையோடு கிளம்பினாள். அவள் போய் அரை மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மீன்கடைக்குப் போன் போட்டார்.

“மனைவி இந்த மீனுங்க மேல உயிரையே வச்சிருக்கா. மீன் பிழைக்குமா?”

“பஞ்சைக் கழுவுனது யாரு சார்?”

“சுத்தி வளைக்காதீங்க. பிழைக்குமா?”

“தண்ணியக் காப்பாத்துற நல்ல கிருமியே அந்த அழுக்குலதான் இருக்கு. யாரு கழுவுனது?”

“அவதான். சொன்னா எங்க கேக்கறா? எதையாவது தேய்ச்சுக்கிட்டே இருப்பா.”

கடைக்காரர் இருமினார்.

“பிழைக்கும் சார். குளோரின் முறிக்கிற மருந்தும், என் தொட்டியில கிடந்த அழுக்குப் பஞ்சும் வாங்கிட்டு அம்மா இப்பதான் கிளம்புனாங்க. ‘அவர் போன் பண்ணுவார், பழிய என் மேல போடுவார், பாவம், ஒத்துக்கோங்க’ன்னாங்க.”