வயிற்றில் இருந்த பட்டம்

"அடுத்தவ வயித்தையே பார்த்துக்கிட்டு ஆறு மாசமா உட்கார்ந்திருக்கியே, வெக்கமா இல்லையாடா உனக்கு?"

ஹெஸ்டர் அத்தை லயனலைக் கேட்டாள். அவன் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான். மாடியில் அவன் அண்ணி ரோஸமண்டுக்கு வலி எடுத்து ஏழு மணி நேரம் ஆகிறது.

இங்கிலாந்து, 1954. வின்ஸ்கோம் பிரபுவாக இருந்த அண்ணன் குதிரையிலிருந்து விழுந்து செத்தபோது அண்ணி மூன்று மாதம். பிறப்பது பையன் என்றால், தொட்டிலில் கிடக்கும்போதே அவன்தான் அடுத்த பிரபு. பெண் என்றால் பட்டம் லயனலுக்கு. அதுவரை யாரும் பிரபு இல்லை.

"பையனா, பொண்ணான்னு தெரிஞ்சா போதும் அத்தை. ஒரே ஒரு போன் பண்ணிட்டுக் கிளம்பிடறேன்."

"யாருக்கு, தையல்காரனுக்கா? அலமாரியைத் திறந்து, அண்ணனோட பிரபு அங்கியை அரை மணி நேரம் பார்த்துக்கிட்டு நின்னியாமே. அளவு சரியா இருந்துச்சா?"

"நீங்க வேற அத்தை."

"நான் வேறதான்! சமையல்காரி உன் அண்ணி வயித்து மேல மோதிரத்தை நூல்ல கட்டி ஆட்டிப் பார்த்து, 'பொண்ணுதான்'னு சொன்னா. அன்னிலேர்ந்து நீ சரியா சாப்பிடலை. சந்தோஷத்துலயே வயிறு நிறைஞ்சிருச்சு போல!"

லயனல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். வெளியே நல்ல குளிர்.

ஹெஸ்டருக்கு வயிறு எரிந்தது. செத்தவன் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் உட்கார்ந்த நாற்காலியில் இந்தக் கழுகு வந்து உட்காருவதா? கடவுளே, பையனாகக் கொடு என்று ஆயிரமாவது தடவையாக வேண்டிக்கொண்டாள்.

மாடிக் கதவு திறந்தது. டாக்டர் டில்னி சட்டைக் கையை இறக்கி விட்டபடி இறங்கி வந்தார்.

"பையன். ஏழரை பவுண்டு. ரெண்டு பேரும் சௌக்கியம்."

"போச்சா!" ஹெஸ்டர் கைதட்டிக் குதித்தாள். "தெய்வம் இருக்குடா! இனிமே அந்த அங்கியைப் பார்த்து ஏங்கிக்கிட்டே கிட!"

லயனல் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வளர்ந்த ஆம்பிளை இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரி விடுடா. பட்டம்தானே, போனா போகுது. உனக்கு வேற வேலையா இல்லை?"

"வேலை போயிடுமோன்னுதான் அத்தை ஆறு மாசமா தூக்கமே இல்லை" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே லயனல் போனை எடுத்தான். "பிரபு ஆனவன் பிரபுக்கள் சபைக்குத்தான் போகணும், மக்கள் சபையில உட்கார முடியாதே... ஹலோ, பிரதமர் ஆபீஸா? பையன் பிறந்துட்டான்னு சொல்லுங்க. என் எம்.பி. பதவி தப்பிச்சது. அவர் தரேன்னு சொன்ன நிதி மந்திரி பதவியை நாளைக்கே ஏத்துக்கறேன்!"