பைலட் சம்பளம்

பைலட் மாப்பிள்ளை திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனில் வந்து இறங்கினான். கூட வந்தது அவன் அம்மா இஃபத் மட்டும்தான்.

"பாத்தியா, இவ்ளோ பெரிய வேலைல இருந்துகினு எவ்ளோ சிம்பிளா கீறாரு!" என்று மனைவி ஷம்ஷாத்தின் காதைக் கடித்தார் உஸ்மான் கனி. பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர். "பையன் பைலட்" என்று புரோக்கர் மஸூத் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்துவிட்டார்.

மாப்பிள்ளை ராஷித்துக்கு முப்பத்திமூன்று வயது. வந்த வரன் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போயிருந்தது. இதையாவது கூட்டிவை அல்லாவே என்று இஃபத் வழியெல்லாம் துஆ கேட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

பெண் ஷாகிதா டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தாள். ராஷித் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். இஃபத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது.

அப்போது வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. சத்தத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"காத்து கிழக்கேர்ந்து அடிக்குது. அதான் இந்தப் பக்கமா வந்து எறங்கறாங்க" என்றான் ராஷித்.

"தொழில்காரன்னா தொழில்காரன்தான்!" உஸ்மான் கனி பூரித்துப்போனார்.

ஷம்ஷாத் பெற்றவள் அல்லவா, மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டாள். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பைலட் சம்பளத்துல ஒரு குடும்பம் வசதியா ஓடுமா?"

"வசதியா எல்லாம் ஓடாது மாமி. இழுத்துப் புடிச்சுத்தான் ஓட்டணும்."

உஸ்மான் கனி விழுந்து விழுந்து சிரித்தார். "பிளேன் ஓட்டறவருக்கே இழுத்துப் புடிச்சுன்னா, நாங்கல்லாம் எங்க போயி முட்டிக்கிறது!"

ராஷித் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "பிளேன் இல்ல மாமூ. நான் ஆம்புலன்ஸ் பைலட், நூத்தியெட்டு ஓட்டறேன். எங்க சர்வீஸ்ல டிரைவரை பைலட்டுன்னுதான் சொல்வாங்க. மஸூத் பாய்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தானே அனுப்பினோம்?"

உஸ்மான் கனியின் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த நிமிஷம் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, அம்மாவும் புள்ளையும் சேர்ந்துகினு நாடகமா ஆடறீங்க? தெரு பூரா சொல்லி வெச்சுகீறேன். இனிமே என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

"அத்தா, அவர் மேல இன்னா தப்பு..." ஷாகிதா வாயெடுத்தாள்.

"நீ உள்ள போ!"

அவள் போய்விட்டாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அதோடு சரி.

"பாய், கொஞ்சம் நிதானமா..." என்று இஃபத் கெஞ்சினாள். காதில் போட்டுக்கொண்டால்தானே!

"பிளேன் ஓட்டறதுன்னா லேசுப்பட்ட விசயம்னு நெனச்சியா? அதுக்கெல்லாம் மூளை வேணும்பா, படிப்பு வேணும்! ஆம்புலன்ஸ் ஓட்டறவனுக்கு எம் பொண்ணு கேக்குதா?"

ராஷித் எழுந்தான். அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

இஃபத் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். மனசுக்குப் பிடித்த பெண், கைக்கு எட்டியது நழுவிப்போயிற்றே என்ற ஆற்றாமை முழுவதும் மகன்மேல் திரும்பியது.

"அந்த ஆளு அவ்ளோ பேசறான், கல்லு மாதிரி குந்திகினு இருந்தியே! பதிலுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?"

ராஷித் தூரத்தில் வந்த வேனுக்குக் கை காட்டியபடி சொன்னான்:

"இன்னான்னு சொல்லச் சொல்றம்மா? பிளேன் ஓட்டற லைசென்ஸும் வெச்சிருக்கேன், வேலைதான் எவனும் தரலைன்னா?"