ஒரே மேசையில் இரு கோஷ்டி

வறுத்த வாத்தை மேசை நடுவில் வைத்தபோது கெசையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அது 1807. ட்ரென்டன் நகரில் அவள் நடத்தும் விடுதியில்தான் நியூ ஜெர்சி சட்டசபைக்காரர்கள் தங்குவார்கள். எல்லாருமே ஜனாதிபதி ஜெபர்சனின் கட்சி. ஆனாலும் ஒரு வருடமாக மிதவாதக் கோஷ்டி ஜன்னலோரம், தீவிரக் கோஷ்டி கணப்போரம். உப்பு வேண்டுமென்றால்கூட அவளைத்தான் தூது அனுப்பினார்கள்.

இப்படியே அடித்துக்கொண்டால் எதிர்க்கட்சி ஜெயித்துவிடும் என்று இரண்டு பக்கமும் கெஞ்சியவள் அவள்தான்.

"ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்யா."

இன்று மதியம் எல்லாரும் ஒரே மேசையில். தீவிரக் கோஷ்டித் தலைவர் டெமரஸ்ட், மிதவாதியான அவள் தம்பி ஏப்னரின் தோளில் கை போட்டிருந்தார். அதே தம்பியை நடுத்தெருவில் 'விலைபோனவன்' என்று ஏசிய மனுஷன்.

"எதுலடா ஒத்துப்போனீங்க?" தம்பிக்கு ஆப்பிள் சைடர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

ஏப்னர் தட்டைப் பார்த்தான்.

"போன தேர்தல்ல கள்ள ஓட்டுன்னு மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டோமில்ல? பழி யார் மேலன்னு முடிவாயிடுச்சு அக்கா. இனிமே பொம்பளைங்களுக்கு ஓட்டு கிடையாது. கறுப்பருங்களுக்கும் இல்ல. சட்டம் நிறைவேறியாச்சு."

காதில் விழுந்தது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. ஜாடியை மேசையில் வைத்தாள்.

சொத்துள்ள விதவைகளுக்கு நியூ ஜெர்சியில் ஓட்டு உண்டு. விதவையாகி, விடுதி அவள் பேருக்கு வந்ததிலிருந்து ஒரு தேர்தலைக்கூட அவள் விட்டதில்லை. அத்தனை தடவையும் தம்பிக்குத்தான் போட்டாள்.

கொட்டிலில் சைலஸ் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். கறுப்பர், போன தேர்தலில் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர். சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. அவருக்கு இன்னும் தெரியாது.

"விட்டுக்கொடுங்கன்னேன். நீங்க எதை விட்டீங்க?"

டெமரஸ்ட் ஏப்னரின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

இது யார் வேலை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. டெமரஸ்ட்டை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

எப்போதும் கத்தியே பேசுகிற டெமரஸ்ட் குரலைத் தாழ்த்தினார்.

"என்னை முறைக்காதீங்க அம்மணி. உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நாங்கதான் தயங்கினோம். உங்க தம்பிதான், 'அவ எங்க அக்கா, ஒண்ணும் சொல்லமாட்டா'ன்னார்."